பதினேழாவது கட்டம்

ஒரு கார் நின்றுகொண்டிருந்தது. இந்தக் கதையில் அந்தக் கார் செய்ததெல்லாம் அவ்வளவுதான். மற்றதெல்லாம் மனிதர்கள் செய்தவை. அதிலும் பாதிக்கு மேல், வாகன நிறுத்த ஒழுங்கு வாரியத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து செய்தவை.

காருக்குச் சொந்தக்காரர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவர். முப்பது வருடமாக அதே வேலை. கால் பாயிண்ட் பிசகினாலும் லென்ஸைக் குப்பையில் போட்டுவிட்டு முதலிலிருந்து தேய்க்கிற ஆள். தெருவில் அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவருடைய மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு மூன்று வருடமாகிறது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். போகும்போது வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போவாள். திரும்பும்போது பேச்சே இருக்காது. கார் அருகே வந்ததும் பானட்டின் மேல் உள்ளங்கையை ஊன்றிக் கண்ணை மூடி, தலைசுற்றல் அடங்கும்வரை அரை நிமிடம் நிற்பாள். அதற்குப் பிறகுதான் ஏறுவாள். பழைய கார்தான். ஆனால் அவர் அதை வாங்கியதே அந்த மூன்று நாட்களுக்காகத்தான்.

அதில் கேமராவை மாட்டியவன் அவருடைய மச்சினன்.

"தெருவுல நிக்கிற வண்டிய எவன் எப்ப இடிச்சிட்டுப் போறான்னு யாருக்கு மாமா தெரியும்? இது பாத்துக்கும். நீங்க வண்டிய நிறுத்திட்டுப் போனாலும் இது முழிச்சிட்டே இருக்கும். லேசா ஒரு தட்டு விழுந்தாப் போதும், படம் எடுத்து உங்க போனுக்குத் தகவல் அனுப்பிடும்."

எவ்வளவு லேசான தட்டுக்கு விழித்துக்கொள்ள வேண்டும் என்பதற்கு அதில் பத்து படிகள் இருந்தன. மச்சினன் ஐந்தில் வைக்கலாம் என்றான். கண்ணாடிக்காரர் பத்தில் வைக்கச் சொன்னார். அன்றிலிருந்து பூனை குதித்தாலும் 'மோதல்', எதிர்வீட்டுக்காரர் இரும்புக் கதவை அறைந்து சாத்தினாலும் 'மோதல்' என்று போனில் சிவப்பு எழுத்து வந்துகொண்டே இருந்தது. மனைவி பானட்டில் கை வைத்தபோதும் வந்தது.

"நானா உங்க வண்டிய மோதிட்டேன்?" என்றாள் அவள்.

"இந்த வாரத்துல மூணு தடவ. திங்க, புதன், வெள்ளி."

அன்றைக்கு அவள் திரும்பும் வழியில் சிரித்தாள். திரும்பும் வழியில் அவள் சிரிப்பது அபூர்வம். அதற்காகவே அவர் அந்தப் பத்தாம் படியை மாற்றவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று ஐந்துக்கு, தெருவில் ஒழுங்காக நின்றுகொண்டிருந்த அந்தக் காரின் முன்பக்கத்தில் ஒரு இழுவை வண்டி ரிவர்ஸில் வந்து மோதியது. முன்விளக்கு நொறுங்கியது, ரேடியேட்டர் ஓட்டையானது. இழுவை வண்டியின் கதவில் வாரியத்தின் சின்னமும் 'நிற்பதிலும் நேர்மை' என்ற வாசகமும் துலக்கமாகத் தெரிந்தன. ஓட்டுநர் இறங்கினான், உடைசலைப் பார்த்தான். காரின் முன்கண்ணாடி அருகே வந்து, அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துச் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து, வகிடு பிசகாமல் தலையை வாரிக்கொண்டான். பிறகு வண்டியில் ஏறிப் போய்விட்டான். அவன் முகம் கேமராவுக்கு ஒரு முழம் தூரத்தில் பதினெட்டு விநாடி இருந்தது.

ஆதாரத்துக்குக் குறைவில்லை. ஆனால் பட்டறைக்காரர் காரைத் தொட மறுத்துவிட்டார். "தெருவுல அடிபட்ட வண்டிக்கு வாரியத்தோட சேதச் சான்று வேணும் சார். இல்லாம ஒரு ஸ்க்ரூவைத் திருகினாலும் பட்டறைக்குப் பூட்டுப் போட்டுருவாங்க." வாடகை வண்டியை வைத்து மறுநாள் புதன்கிழமையைச் சமாளித்தார்கள். திரும்பும்போது மனைவி இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு அந்த வாடகை வண்டிக்காரர் இவர்கள் போனை எடுக்கவில்லை, மற்றவர்களிடமும் சொல்லி வைத்துவிட்டார் போலிருக்கிறது. மிச்சமிருந்தது பஸ். ஒன்றில் ஏறி இறங்கி இன்னொன்று மாற வேண்டும். ஆக, சேதச் சான்று கிடைத்தே தீர வேண்டும்.

கண்ணாடிக்காரர் கேமராவிலிருந்த சின்ன மெமரி கார்டை ஒரு கண்ணாடிக்கூட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வாரியத்துக்குப் போனார். நான்காம் கவுண்டரிலிருந்த அம்மாள் கார்டைக் கணினியில் செருகிப் பார்த்தார். பார்த்ததும் முகம் மலர்ந்து பக்கத்து மேசைக்காரர்களைக் கூப்பிட்டார். ஆறு பேர் கூடி நின்று மூன்று தடவை போட்டுப் பார்த்தார்கள்.

"நம்ம ஆளேதான். சீப்பப் பாருங்க."

"படம் எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க. அவன் வீட்டுலயும் காட்டணும்."

கண்ணாடிக்காரருக்கு நம்பிக்கை வந்தது. 

கூட்டம் கலைந்ததும் அந்த அம்மாள் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாருங்க சார். இடிச்சது யாருன்னு தெரிஞ்சுபோச்சு. அதுதான் இப்ப சிக்கல். தெரியாம இருந்தா இப்பவே சான்று குடுத்திருப்பேன். 'அடையாளம் தெரியாத வாகனம்'னு முத்திரையே வச்சிருக்கோம். தேய்ஞ்சு ரெண்டாவது முத்திரை வாங்கியாச்சு. இப்பக்கூட ஒண்ணும் கெட்டுப்போகல. தெரியாதுன்னு எழுதிக் குடுங்க."

"தெரியுதேம்மா."

"தெரியுது சார். தெரியாதுன்னு எழுதுங்க."

"முகமே தெரியுதும்மா."

அந்த அம்மாள் ஒரு பெருமூச்சு விட்டுப் பெரிய படிவத்தை எடுத்துக் கொடுத்தார். முப்பத்தோரு கட்டங்கள். பதினேழாவது கட்டம்: 'சம்பவ நேரத்தில் வாகனத்தில் இயங்கிக்கொண்டிருந்தவை.' வாரியம் தொடங்கிய நாள்முதல் அந்தக் கட்டத்தில் எல்லாரும் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். கண்ணாடிக்காரர் பேனாவைப் பிடித்துக்கொண்டு யோசித்தார். எஞ்சின் இயங்கவில்லை. ரேடியோ இயங்கவில்லை. கால் பாயிண்ட் பிசகாத கையால், தெளிவான எழுத்தில் 'கேமரா' என்று எழுதினார்.

"இதோட பிரதி எங்கயாவது இருக்கா?"

"போன்ல ஒண்ணு இருக்கும்மா."

"அழிச்சிடுங்க. ஒரே சாட்சி ரெண்டு இடத்துல இருந்தா ஒண்ணு பொய்ச்சாட்சின்னு ஆயிடும். நாளைக்கு உங்களுக்குத்தான் தொல்லை."

அவர் அங்கேயே அழித்தார். படிவத்தின் மேல் 'பிரதி அழிக்கப்பட்டது' என்று முத்திரை விழுந்தது. கார்டை அவரிடமே திருப்பிக் கொடுத்து, அது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் இதைக் கேட்ட மச்சினன் தலையில் அடித்துக்கொண்டான். 

பத்து நாளில் கடிதம் வந்தது. சேதச் சான்றாக இருக்கும் என்று கண்ணாடிக்காரர் உறையின் ஓரத்தை ஒழுங்காகக் கத்தரித்து எடுத்தார். 'தங்கள் படிவத்தின் பதினேழாவது கட்டத்தின்படி சம்பவ நேரத்தில் தங்கள் வாகனம் இயக்கத்தில் இருந்ததாகத் தெரியவருகிறது. ஓட்டுநர் இன்றி வாகனத்தை இயக்கியது குறித்து விளக்கம் அளிக்க நேரில் வரவும்.' அதை அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்றாவது தடவையும் படித்தார்.

விசாரணை அதிகாரி தன்மையான மனிதர். வெந்நீர் குடித்துக்கொண்டே பேசினார். எதிரே நிற்கிறவரை உட்காரச் சொல்லும் பழக்கமும் அவருக்கு இருந்தது.

"நிக்கிறதுன்னா என்ன? அதுதான் இந்த வாரியத்தோட அடிப்படைக் கேள்வி. இருபத்தாறு வருஷமா அதப் பத்தித்தான் யோசிச்சிட்டிருக்கேன். வேற ஒரு வேலையும் செஞ்சதில்ல. ஓடாத வண்டியெல்லாம் நிக்கிற வண்டின்னு ஜனங்க நெனைக்கிறாங்க. உங்க வண்டி பாத்திட்டிருந்திருக்கு. பாக்கிறது ஒரு வேலை. வேலை செய்யிற வண்டி இயங்குற வண்டி. இயங்குற வண்டியில ஆள் இல்ல. இப்ப நீங்களே சொல்லுங்க, எங்க ஆள் ஒரு விளக்க ஒடச்சது பெருசா, ஆளில்லாம ஒரு வண்டிய நீங்க நடுத்தெருவுல இயக்கினது பெருசா?"

"சார், வண்டி நகரவே இல்லையே."

"இந்த வாரியமும் நகரல. அதனால நாங்க இயங்கலன்னு சொல்லிடுவீங்களா?"

 கண்ணாடிக்காரர் மனைவியின் ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். "வாரத்துல மூணு நாள் சார். பஸ்ல போயிட்டு வர்றா. முந்தாநாள் நின்னுட்டே வந்திருக்கா. எனக்கு இடிச்சவர தண்டிக்கணும்னு இல்ல. சான்று குடுத்தாப் போதும்."

அதிகாரி சீட்டை முழுவதும் படித்தார். மருந்துகளின் பெயர்களைக்கூட விடவில்லை. "மனிதாபிமான அடிப்படையில உங்க சீட்ட படிச்சுப் பாத்தேன். படிக்காமயே நிராகரிக்கலாம்னு விதி இருக்கு. நான் அப்படிச் செய்யிறவன் இல்ல." படித்ததற்கு அடையாளமாக ஓரத்தில் ஒரு சரிக்குறி போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

உத்தரவு அன்றே தயாரானது. கேமரா இந்த வழக்கின் ஒரே சாட்சி. ஆகவே தீர்ப்பு வரும்வரை கார், கேமராவும் கார்டும் உள்ளபடியே வாரியத்தின் வளாகத்தில் இருக்க வேண்டும். சாட்சி செயலிழக்காமலிருக்கக் கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். கேமரா ஓடினால் வாகனம் இயக்கத்தில் இருக்கிறது என்று பொருள். ஆகவே அலுவலக நேரமான பத்து மணிமுதல் ஐந்து மணிவரை ஓட்டுநர் இருக்கையில் உரிமையாளர் அமர்ந்திருக்க வேண்டும். எழுந்து போனால் குற்றம் ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்பட்டு வாகனம் நசுக்கப்படும். ஐந்து மணிக்குமேல் என்ன என்று கண்ணாடிக்காரர் கேட்டார். ஐந்து மணிக்குமேல் வாரியம் இயங்காது, ஆகையால் எதுவும் இயங்காது என்றார்கள்.

காரை இழுத்துப்போக வந்தவன் சீப்புக்காரனேதான். கொக்கியை மாட்டிவிட்டு அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"சார், ஆபீஸ்ல எல்லாரும் பாத்தேன்னு சொல்றாங்க. நான்தான் இன்னும் பாக்கல. நல்லா விழுந்திருக்கேனா?"

"நல்லாத்தான் விழுந்திருக்கீங்க."

"எனக்கு உங்க மேல கோவமே இல்ல சார்" என்று சொல்லிவிட்டு அவன் காரைத் தூக்கினான்.

கண்ணாடிக்காரர் கடைக்கு லீவு போட்டார். தினமும் பத்து மணிக்கு, ஓடாத காரின் ஓட்டுநர் இருக்கையில், ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்து உட்கார்ந்தார். காவலாளி ஒரு மணி நேரத்துக்கொருமுறை வந்து எட்டிப் பார்த்து ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு போனார். ரேடியேட்டர் ஓட்டை என்பதால் எஞ்சினைப் போட முடியாது, பேட்டரி இறங்கிவிடும் என்று கண்ணாடிக்காரர் சொன்ன மறுநிமிடமே கேமராவுக்குத் தனி மின்சார வயர் இழுத்துக் கொடுத்தார்கள். அந்த வாரியம் அவருக்கு உடனே செய்து கொடுத்த காரியம் அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள்தான் அவர் மனதில் ஒரு கணக்கு ஓடத் தொடங்கியது. வளாகத்தில் இழுவை வண்டிகள் வந்தும் போயும் தரையை அதிரவைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு அதிர்வுக்கும் பத்தாம் படியில் இருந்த கேமரா 'மோதல்' என்று பதிவு செய்தது. சீப்புக்காரன் வேறு, தினமும் இரண்டு தடவை வந்து முன்கண்ணாடியில் தலை வாரிக்கொண்டு, லேசாகக் கண்ணாடியைத் தட்டி வணக்கம் சொல்லிவிட்டுப் போனான். கார்டு நிறைந்தால் கேமரா பழைய படத்தை அழித்து அதன் மேல் புதியதை எழுதும். எல்லாக் கேமராவும் அப்படித்தான். ஒன்பதாம் நாளோடு அந்தச் செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று ஐந்து அழிந்துவிடும்.

 பத்தாம் படியைக் குறைக்க அனுமதி கேட்டார். சாட்சியின் கூர்மையை மழுங்கடிக்கும் முயற்சி என்றார்கள். பிரதி எடுக்க அனுமதி கேட்டார். படிவத்தில் விழுந்திருந்த 'பிரதி அழிக்கப்பட்டது' முத்திரையைக் காட்டினார்கள். கேமராவை ஒரு வாரம் நிறுத்தி வையுங்கள் என்று மனு எழுதினார். பதில் வந்தது: 'பதிவு தொடர்ந்து நடைபெறுவது சாட்சி நல்ல நிலையில் இருப்பதையே காட்டுகிறது. பழையவை அழிவது குறித்துக் கவலை வேண்டாம். வாரியத்திலும் அதே நடைமுறைதான் உள்ளது.'

ஒன்பதாம் நாள் மாலை அவர் கார்டில் என்ன மிச்சம் என்று போன் வழியாகப் பார்த்தார். அந்தச் செவ்வாய்க்கிழமை போய்விட்டிருந்தது. பத்தாம் நாளும் அவர் வந்து உட்கார்ந்தார். எழுந்து போனால் கார் போய்விடுமே.

மனைவி தனியாகப் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தாள். மச்சினனால் எல்லா நாளும் வேலையை விட்டு வர முடியாது. "சீக்கிரம் முடிஞ்சிடும்ல?" என்று அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவரும் "முடிஞ்சிடும்" என்று சொல்வதை நிறுத்திவிட்டார். கால் வீக்கம் முழங்காலுக்கு ஏறியிருந்தது. அதைப் புடவையை இழுத்து மறைத்துக்கொண்டாள். முப்பது வருடம் நுணுக்கமாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது தெரியாதா என்ன.

மூன்றாவது வாரத்துப் புதன்கிழமை, மூன்று மணி இருக்கும். வளாகத்தின் வாசலில் அவள் நிற்பதை அவர் பார்த்தார். இரண்டாவது பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியவில்லை, ஐந்து மணிவரை காரில் சாய்ந்துகொண்டு அவரோடு சேர்ந்து போய்விடலாம் என்று வந்திருக்கிறாள். காவலாளி நல்ல மனிதர், உள்ளே விட்டார். அவள் மெதுவாக நடந்து வந்தாள். காருக்கு அருகே வந்ததும் வழக்கம்போலப் பானட்டின் மேல் உள்ளங்கையை ஊன்றிக் கண்ணை மூடினாள். கண்ணாடி வழியாக அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அரை நிமிடம் ஆனது. கண் திறக்கவில்லை. கை மெல்ல வழுக்கியது, முழங்கால் மடிந்தது, அப்படியே பம்பருக்குக் கீழே சரிந்துவிட்டாள்.

அவர் கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். காவலாளி விசில் ஊதினார். "சார், சீட்ட விட்டு எறங்காதீங்க சார், வண்டி இயக்கத்துல இருக்கு" என்று கத்தினார். பிறகு அவரே விசிலைப் போட்டுவிட்டு வந்து ஒரு பக்கம் தாங்கிப் பிடித்தார். சீப்புக்காரன் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் கண் திறந்ததும் முதலில் சொன்னது, "நீங்க ஏன் எறங்கினீங்க? வண்டி போயிடப்போகுது."

இறுதி விசாரணை மறுநாளே நடந்தது. கூடத்தில் திரை கட்டியிருந்தார்கள். மனைவி பின்வரிசையில் தம்பியின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கார்டைப் போட்டார்கள். வளாகத்துச் சுவர் தெரிந்தது. சீப்புக்காரன் தலை வாரினான். மறுபடி சுவர். மறுபடி சீப்புக்காரன். பதினான்கு தடவை வாரினான்.

"இது நீங்கதானே?" என்று விசாரணை அதிகாரி கேட்டார்.

"நான்தான் சார். ஆனா இதுல நான் யாரையும் இடிக்கல."

"சரி. உங்க மேல தப்பு இல்லன்னு சாட்சி சொல்லுது."

கண்ணாடிக்காரர் எழுந்தார். பழையது அழிந்துவிடும் என்று தான் மூன்று மனு கொடுத்ததைச் சொன்னார். மூன்றும் கோப்பில் பத்திரமாக இருக்கின்றன என்று அதிகாரி எடுத்துக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். அப்போது திரையில் புதன்கிழமை வந்தது. ஒரு பெண் காரை நோக்கி வந்தாள். படம் லேசாக அதிர்ந்தது. 'மோதல்' என்று சிவப்பு எழுத்து மின்னியது. அந்தப் பெண் காருக்கு முன்னால் விழுந்து மறைந்தாள்.

அதிகாரி வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் இருபத்தாறு வருட யோசனைக்குப் பலன் கிடைத்த நிறைவு தெரிந்தது.

"வண்டி இயக்கத்துல இருக்கு. ஓட்டுநர் சீட்டுல ஆள் இருக்கு, காவலாளி நோட்டுலயும் இருக்கு. முன்னால ஒருத்தங்க விழறாங்க. மோதல்னு கருவியே சொல்லுது. இவ்வளவு சுத்தமான வழக்கு இந்த வாரியத்துக்கு வந்ததே இல்ல. முன்விளக்கு எப்படி ஒடஞ்சதுன்னு இத்தனை நாளா மண்டையக் குடைஞ்சிட்டிருந்தோம். அதுக்கும் விடை கெடச்சாச்சு."

"சார், முன்விளக்கு ஒடஞ்சு ஒன்றரை மாசமாச்சு" என்றார் கண்ணாடிக்காரர்.

"அதுக்கு என்ன ஆதாரம்?"

பின்வரிசையிலிருந்து மனைவி எழுந்தாள். முன்வரிசை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அவர் என்னை இடிக்கலைங்க. நான்தான் கை வச்சேன். எப்பவும் வைப்பேன். இந்த மனுஷன் என்னை இடிப்பாராங்க?"

அவள் உட்காரும்வரை அதிகாரி பரிவோடு காத்திருந்தார். "பாதிக்கப்பட்டவங்க ஆரம்பத்துல இப்படித்தான் சொல்வாங்க. அவங்களப் பாதுகாக்கத்தானே நாங்க இருக்கோம். எப்பவும் வைப்பேன்னு சொன்னாங்க, அதையும் எழுதிக்குங்க. இது முதல் தடவை இல்ல."

தீர்ப்பில் சேதச் சான்று கொடுத்துவிட்டார்கள். இடித்த ஓட்டுநர் இறங்கிப் பார்ப்பது கடமை என்பதால், அவர் சீட்டை விட்டு இறங்கியதற்காகக் காரை நசுக்கவில்லை. சேதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் 'உரிமையாளரின் மனைவி' என்று எழுதியிருந்தது. இடித்த வாகனத்தில் இடிபட்டவர் ஏறினால் அவர் உயிருக்கு ஆபத்து என்பதால், அவள் அந்தக் காரில் ஏறக்கூடாது. மேல்முறையீட்டைப் பதினெட்டு மாதத்துக்குள் எடுத்துக்கொள்வார்கள். கார் இனி நல்ல நடத்தையுடன் நிற்கிறதா என்பதைக் கண்காணிக்கக் கேமரா இரவும் பகலும் ஓட வேண்டும், இனியொரு 'மோதல்' பதிவானால் கார் நசுக்கப்படும். பத்தாம் படியை மாற்றக்கூடாது. ஓட்டுநர் இல்லாமல் கேமரா ஓடுவது பற்றிக் கேட்டதற்கு, வாரியமே உத்தரவிட்டால் அது இயக்கம் ஆகாது என்றார்கள்.

சான்றைப் பார்த்ததும் பட்டறைக்காரர் ஒரே நாளில் முன்விளக்கையும் ரேடியேட்டரையும் மாற்றிக் கொடுத்தார். கார் புதிதுபோல ஆகிவிட்டது. கண்ணாடிக்காரர் அதை வீட்டு வாசலில், கோட்டுக்குள், ஓர் அங்குலம் பிசகாமல் நிறுத்தினார்.

திங்கள்கிழமை காலை இருவரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். அவர் கையில் அவளுடைய துணிப்பையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். வாசல் படியிறங்கியதிலேயே அவளுக்கு மூச்சு வாங்கியது. காரைத் தாண்டும்போது பழக்க தோஷத்தில் பானட்டின் மேல் ஊன்றக் கையை நீட்டினாள்.

அவர் பதறிப்போய் அந்தக் கையைக் காற்றிலேயே பிடித்துக்கொண்டார்.

கண்ணாடிக்குப் பின்னால் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றார்கள்.

"பட்டுச்சாங்க?" என்றாள் அவள், குரலே எழும்பாமல்.

அவர் போனை எடுத்துப் பார்த்தார். சிவப்பு எழுத்து எதுவும் இல்லை.

"படல. என் மேல சாஞ்சுக்க. வண்டிய விட்டுக் கொஞ்சம் தள்ளியே நட."

அவள் தலைசுற்றல் அடங்கும்வரை அவர் கையை ஊன்றிக்கொண்டு அரை நிமிடம் நின்றாள். பிறகு தெருவோரமாக இருவரும் மெதுவாக நடந்தார்கள். அதற்குள் ஏழு மணி பஸ் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டது.